ஒரு சாண் தள்ளி ஒரு ஸ்டேஷன்

கண்ணாடிக்காரனின் மனைவி இறந்ததற்கு அடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தன் அண்ணன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பொம்மை ரயிலின் மூன்றாவது பெட்டியிலிருந்து இறங்கி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தாள். உயரம் சுண்டுவிரல் நுனி இருக்கும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மடியில் கைப்பை. அண்ணன் வண்டியை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தங்கைதான். மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். ஆமாம், அவள்தான், கடைசியில் இருந்ததற்கு இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்றாள். அதன் பிறகுதான் கண்ணாடிக்காரனுக்குப் போன் போட்டார்கள்.

"மாப்பிள்ளை, பதறாதீங்க. அவ வந்திருக்கா."

"எவ மச்சான்?"

"எவளா? உங்க பொண்டாட்டிதான். மூணாவது பெட்டியில வந்து இறங்கினா."

கண்ணாடிக்காரன் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தான். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அங்க ஏன் வந்தா?"

அந்தக் கேள்வி அன்றைக்குப் பிறந்ததல்ல. அவனுடைய மைத்துனர் லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் மட்டுமே போகிற வண்டிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, பக்கவாட்டில் போகிற ஆசையை வீட்டின் பின்னறையில் தீர்த்துக்கொள்கிறவர். சிறு வயதிலேயே பெற்றவர்களை இழந்த அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து அந்த அறையில் ஒரு பலகைமேல் மலை எழுப்பி, குகை குடைந்து, தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள். பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அண்ணன் 'ம்' என்பார். எந்தக் கம்பியை எந்த நிறத்துக் கம்பியோடு சேர்க்க வேண்டும் என்பது மேலே நிற்கிற தங்கைக்குப் புரிந்துவிடும். லிஃப்ட்காரருக்கு மூக்குக் கண்ணாடி கொடுக்கப் போன நாளில்தான் கண்ணாடிக்காரன் அவளை முதலில் பார்த்தான். நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால் ஒரு பிளாஸ்டிக் பயணிக்குச் சட்டைக் காலர் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், அண்ணனுக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்றாள். உண்மைதான். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவளுக்கு; எது எங்கே உட்கார வேண்டும் என்பது அவள் கண்ணுக்குப் பட்டுவிடும். அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. கையோடு கூட்டிக்கொண்டு வந்தாயிற்று என்று அவன் நினைத்தான். வாரத்தில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். தலையெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு திரும்பி வருவாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வண்டி ஓட்டினோம்" என்பாள். அந்த 'ஓட்டினோம்' அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அதனால் தன் கடைக்கு மேலே இருந்த அறையில் அவனும் ஒரு ரயில் போட ஆரம்பித்தான். இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்கள் முதலில் தண்டவாளத்தைப் போட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்து, கடைசியில்தான் ஸ்டேஷனை வைப்பார்கள். அவன் முதலில் ஸ்டேஷனைக் கட்டினான். மைத்துனருடையதைவிட அழகாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கணக்கு. டிக்கெட் ஜன்னலுக்குத் தானே தேய்த்த கண்ணாடி போட்டான். கூரைக்கு ஓடு ஓடாக நறுக்கி ஒட்டினான். ஒரு கடிகாரம், ஒரு விளக்குக் கம்பம், ஒரு பெஞ்ச். எல்லாவற்றையும், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மலைச்சரிவின் வளைவில் வைத்து, பசையும் சுண்ணாம்பும் போட்டு அசையாமல் பூசிவிட்டான். பிறகு தண்டவாளம் போட வந்தபோதுதான் தெரிந்தது, வளைந்து ஓடுகிற தண்டவாளம் அந்த வளைவுக்கு உள்ளேயே இடது பக்கம் பிரிந்தால்தான் ஸ்டேஷனுக்குள் போக முடியும் என்று. ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் போடும் துண்டுக்குத் தடமாற்றி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். இதில் கை வைத்தவர்கள் எல்லோரும் பாயிண்ட் என்பார்கள். நேராக ஓடும்போது பிரிகிற சாதா பாயிண்ட் எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்கும். வளைவிலேயே இடது பக்கம் பிரிகிற பாயிண்டைச் செய்துகொண்டிருந்த கம்பெனி அதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஊரில் கடைசியாக ஒரே ஒரு கடையில் ஒன்று இருந்தது. அவன் போவதற்கு முந்தைய வாரம் மைத்துனர் அதை வாங்கிப் போய்த் தன் ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டார். தெரியாமல் வாங்கியதுதான். கண்ணாடிக்காரன் அதை நம்பவில்லை.

ஒருநாள் லிஃப்ட்காரர் வந்து பார்த்தார். வளைவின்மேல் கையை விரித்து வைத்து அளந்தார். "ஸ்டேஷனை ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிட்டீங்கன்னா சாதா பாயிண்டே போதும் மாப்பிள்ளை. தேடி அலையவே வேண்டாம்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி, "அண்ணன் சொல்றதும் சரிதானே?" என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது. இனி அந்த ஸ்டேஷன் பூகம்பம் வந்தாலும் நகராது என்று கண்ணாடிக்காரன் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான். ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்டேஷன் பக்கத்திலேயே விளக்கு எரிந்தபடி நின்றது. சில சமயம் அவள் மேலே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நிற்பாள். "ஸ்டேஷன் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் வரல" என்பாள். குற்றம் சொல்கிற குரலாக இருக்காது; மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிற குரல். இப்படிச் சில வருஷங்கள் போயின. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். இறந்துபோனாள். காரியங்கள் முடிந்த மறுநாள் கண்ணாடிக்காரன் கடையைத் திறந்தான். திறக்காமல் வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மாடி அறைக்கு மட்டும் போகவில்லை.

போன் வந்த மாலை, கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த ஆளை அப்படியே எழுப்பி அனுப்பிவிட்டு, இருந்ததிலேயே நல்ல பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காய்கறிச் சந்தையைக் கடந்து, பாலத்தைத் தாண்டி மைத்துனர் வீட்டுக்குப் போனான். குனிந்து பார்த்தான். மோவாயில் அந்த மச்சம் இருந்தது. காதுக்குப் பின்னால் எப்போதும் நழுவி விழுகிற முடி நழுவித்தான் கிடந்தது. அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டான். அவனுடைய குரல் அவளுக்கு எங்கோ இடி இடிக்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும், வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பையை நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். மைத்துனரின் மனைவி, "அவ முன்னாடியும் வாய் திறந்து பேசறவ இல்லையே தம்பி" என்று சமாதானம் சொன்னாள். கண்ணாடிக்காரன் அதற்குள் வேறொன்றைக் கவனித்துவிட்டான். அதே பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில், தொப்பி போட்ட ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பக்கத்துல இருக்கானே, அவன் யாரு?"

"அது பிளாஸ்டிக் மாப்பிள்ளை. அவளே பெயின்ட் அடிச்சதுதான்."

"முன்னாடி பெஞ்சோட அந்தக் கோடியில இருந்தான்."

"இருந்திருப்பான். தூசி தட்டும்போது நகர்ந்திருக்கும்."

"பேப்பரை அவ பக்கமா சாய்ச்சுப் பிடிச்சிருக்கான் பாருங்க."

மைத்துனரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அவனால எழுந்திரிக்கக்கூட முடியாது தம்பி. காலை மடக்கினபடியே வார்த்தது. போயும் போயும் அவன்மேலயா?"

ஊர் விஷயத்தைக் கேட்டது, வந்து பார்த்தது. தபால் நிலையத்திலிருந்து வந்தவர்கள், அவள் போனதிலிருந்து கிழக்குத் தெருக் கடிதங்கள் எல்லாம் மேற்குத் தெருவுக்குப் போய்க்கொண்டிருப்பதாக அவளிடமே முறையிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் பேச்சாக இருந்தது. பிறகு தக்காளி விலை ஏறியது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. வருகிறவர்கள் பார்ப்பதற்கு வசதியாக ஸ்டாண்டில் மாட்டிய லென்ஸ் ஒன்று செய்து கொடுங்கள் என்று லிஃப்ட்காரர் கேட்டார். கண்ணாடிக்காரன் செய்து கொடுத்தான். தேய்த்ததில் இரண்டாந்தரமானதை அவருக்குக் கொடுத்தான். நல்லதைத் தன் பையில் வைத்துக்கொண்டான். கடை மூடியதும் தினமும் போனான். போகிற போதெல்லாம் அவள் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் மைத்துனரின் மனைவி சொல்கிற கதையே வேறு. "இன்னிக்குக் காலையில பையத் தொறந்து சீப்பு எடுத்து வாரிக்கிட்டா தம்பி." "நேத்து மத்தியானம் பிளாட்பாரம் முழுக்க ஒரு நடை நடந்துட்டு வந்தா." "அண்ணன் வண்டியை வேகமா ஓட்டினாரா, திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைச்சா பாருங்க, எனக்குச் சிரிப்பு தாங்கல." ஒவ்வொரு செய்தியையும் அந்த அம்மாள் தேநீரோடு அன்பாகத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடிக்காரன் அன்பாகத்தான் வாங்கிக்கொண்டான். வீட்டுக்குத் திரும்பும்போது சந்தையில் குவித்து வைத்திருந்த முட்டைக்கோசுகளை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்களுக்கு. இப்போது வாரம் முழுக்க.

நடந்து நடந்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அவள் அங்கே இறங்கியதற்கு அண்ணன் பாசம் காரணம் இல்லை. வேறு இறங்குமிடம் இல்லை, அவ்வளவுதான். தன்னுடைய ஸ்டேஷனுக்கு வண்டி போயிருந்தால் அவள் அங்கேதான் இறங்கியிருப்பாள். ஆகவே வேண்டியது ஒரு இடது வளைவு பாயிண்ட். ஸ்டேஷனைத் தள்ளி வைக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்ற ஆரம்பித்தால் அது மைத்துனரின் குரலில் தோன்றும் என்பதால் தோன்றவே விடவில்லை.

அந்த வசந்த காலம் முழுக்க அவன் கடையைப் பாதி நாள் மூடிப் போட்டுவிட்டுப் பாயிண்ட் தேடினான். அதைச் செய்த கம்பெனியின் வாசலில் இருந்த காவலாளி, அச்சுகளை எல்லாம் சட்டைப் பொத்தான் செய்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்; அவர் போட்டிருந்த சட்டையின் பொத்தான்கள் லேசாக இடது பக்கம் வளைந்திருந்தன. கல்யாண மண்டபம் ஒன்றில் மாதம் ஒருமுறை ரயில் பைத்தியங்கள் கூடி, மேஜைமேல் துணி விரித்துத் தண்டவாளங்களைப் பரப்பி மாற்றிக்கொள்வார்கள். அங்கே போனான். தொண்டை கிழியக் கத்தி வியாபாரம் செய்த பெரியவர்கள்கூட, இடது வளைவு என்றதும் குரலைத் தாழ்த்தி, பாவம் என்பது போல அவனைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு முகவரி சொன்னார். பஸ் ஏறிப் போனால், அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடைய வீடு. கம்பெனி அதை நிறுத்தப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கிடைத்த இடது வளைவுகளை எல்லாம் வாங்கி, சுவரோரமாக வீட்டைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, நிறுத்தாமல் இடது பக்கமாகவே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் வீடும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்து இருந்த வாசல் இப்போது பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்தது. கண்ணாடிக்காரன் உள்ளே போவதற்குப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் கரண்டியால் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும் சார்."

"ஒண்ணை எடுத்தா வீடு திரும்பறது நின்னுடும்."

"நின்னா நல்லதுதானே சார்?"

"இப்ப பாதி வழியில இருக்கேன். இன்னும் கொஞ்ச வருஷத்துல படுக்கையறைக்குக் காலை வெயில் வந்துடும். என் வீட்டுக்காரிக்கு நான் குடுத்த வாக்கு அது. வேற ஏதாவது கேளுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "அதுக்கு ஜன்னலை உடைச்சு வைக்கலாம்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்" என்றது. வாத்தியார் காதில் விழாதது போல இருந்தார். கண்ணாடிக்காரன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். பஸ்ஸில் வரும்போது அந்த மனிதர்மேலும் அவனுக்குப் பொறாமை வந்தது. வாக்கு கொடுக்கவும் திட்டு வாங்கவும் அவருக்கு வீட்டில் ஆள் இருந்தது.

கடைசியில் நேராக மைத்துனரிடமே கேட்டான். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். "அது அவ ஸ்டேஷனுக்கு வர்ற வழி மாப்பிள்ளை. அதைப் போய் எப்படிக் கழட்டறது? வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. இன்ஜின் வேணுமா? குகையைப் பேத்துத் தரட்டுமா?" என்றார். மனசாரத்தான் சொன்னார். கண்ணாடிக்காரனுக்கு அது இன்னும் எரிந்தது. ஒரு மனிதன் கெட்டவனாக இருந்தால் அவனை வெறுப்பதற்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அவன் அங்கே இருக்கும்போது, வங்கிக் கட்டடத்து லிஃப்டில் மேனேஜரும் அவருடைய மாமியாரும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, உள்ளே பெரிய சண்டை நடக்கிறதாகப் போன் வந்தது. லிஃப்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருடைய மனைவி சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அறையில் கண்ணாடிக்காரன் மட்டும் நின்றான். மூக்குக் கண்ணாடியின் கீலில் இருக்கிற திருகுக்கும் பாயிண்டைப் பிடித்திருக்கிற திருகுக்கும் ஒரே திருப்புளிதான். அது எப்போதும் அவன் பையில் இருக்கும். பெஞ்ச் பக்கம் அவன் பார்க்கவில்லை. பேப்பர்க்காரன் மட்டும் பேப்பரைத் தாழ்த்திவிட்டுத் தன்னையே பார்க்கிறான் என்று ஒரு நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. கழற்றிய பாயிண்டைக் கைக்குட்டையில் சுற்றி, கண்ணாடி வைக்கிற பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, வெளிக்கதவைச் சாத்திவிட்டு நடந்தான். அவள் இறந்ததற்குப் பிறகு முதல் தடவையாக மாடி அறையைத் திறந்தான். தூசி துடைத்தான். பாயிண்டை வைத்தான். பிறந்ததிலிருந்து அங்கேயே கிடந்தது மாதிரி பொருந்தியது. முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து வண்டியை விட்டான். வண்டி மலையைச் சுற்றி, குகைக்குள் போய், வெளியே வந்து, வளைவில் இடது பக்கம் பிரிந்து, அத்தனை வருஷங்களில் முதல் தடவையாக அந்த ஸ்டேஷனில் வந்து நின்றது. அவன் லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தான். எல்லாம் காலி. மறுபடி விட்டான். மறுபடி காலி. அன்றைக்கு எத்தனை தடவை விட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. டிக்கெட் ஜன்னல் கண்ணாடியில் அவனுடைய கண் பெரிதாகத் தெரிந்தது.

காலையில் மைத்துனர் போன் செய்தார். திட்டவில்லை.

"மாப்பிள்ளை, பாயிண்ட் உங்ககிட்ட இருந்தா இருக்கட்டும். அதைப் பத்தி இல்ல. அவ எழுந்து நிக்கிறா."

"நிக்கிறாளா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து நிக்கிறா. உக்காரவே மாட்டேங்குறா. நீங்க கொஞ்சம் வாங்க."

போனான். அவள் பிளாட்பாரத்தின் விளிம்பில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைகளைக் கட்டியபடி நின்றாள். ஊர் போகக் கிளம்பினவள் நிற்கிற நிற்பு. பாயிண்ட் இருந்த இடத்தில் தண்டவாளம் விட்டுப்போய் வெறும் பலகை தெரிந்தது. அவள் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த நல்ல லென்ஸை எடுத்து அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. மாடி அறைக் கதவில் சாய்ந்துகொண்டு பார்ப்பாளே, அதே பார்வை. ஸ்டேஷன் நல்லாத்தான் இருக்கு.

"நான் அங்க வழி போட்டுட்டேன். அப்பவும் அவ வரல மச்சான்" என்றான். அவன் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள். "நல்லா இருக்கே தம்பி நியாயம். இங்க வண்டியை நிறுத்திட்டு அங்க வரலைன்னா அவ எப்படி வருவா? நடந்தா?"

கண்ணாடிக்காரன் அந்த அம்மாளைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, பாயிண்டை எடுத்து வைத்தான். அவன் மேலே திருகு போட, லிஃப்ட்காரர் அடியில் மல்லாந்து படுத்துக் கம்பிகளைச் சேர்த்தார். "ம்" என்றார். எந்தக் கம்பி என்று கண்ணாடிக்காரனுக்குப் புரியவில்லை. "சிவப்பா மச்சான்?" என்று கேட்டான். "ஆமா, சிவப்பு. அவகிட்ட சொல்லியே பழகிடுச்சு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. கம்பி சேர்ந்த பிறகும் அவர் உடனே வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரனும் குனிந்து பார்க்கவில்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டி அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பசையும் சுண்ணாம்பும் அவன் கோபத்தைப் போலவே நன்றாக இறுகியிருந்தன. மலை விரிசல் விட்டது, ஓடுகள் உதிர்ந்தன, விளக்குக் கம்பம் சாய்ந்தது. மத்தியானத்துக்குள் ஸ்டேஷன் பெயர்ந்து கையில் வந்துவிட்டது. வளைவின்மேல் கையை விரித்து வைத்து, மைத்துனர் காட்டிய பக்கமாகவே ஒரு சாண் தள்ளி வைத்தான். பிறகு தெருக்கோடிப் பொம்மைக் கடைக்குப் போனான். கடைக்காரப் பெண் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டே, டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சாதா பாயிண்டை எடுத்து, அது என்ன என்றுகூடப் பார்க்காமல் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். எதிரே வந்தவர்கள் வழி விட்டு நடந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, லிஃப்ட்காரர் வீட்டில் குகைக்குள் போன பச்சை வண்டி மறுபக்கம் வெளியே வரவில்லை. அதே நேரத்தில் கண்ணாடிக்காரன் வீட்டுக் குகையிலிருந்து, அவனுடையதல்லாத அந்தப் பச்சை வண்டி வெளியே வந்து, சாதா பாயிண்டில் பிரிந்து, ஸ்டேஷனில் நின்றது. நடுவில் இருக்கிற காய்கறிச் சந்தையையும் பாலத்தையும் அது எப்படித் தாண்டியது என்று யாரும் கேட்கவில்லை. சந்தையில் ஒரு கிழவி மட்டும், தன் வெங்காய மூட்டைக்கு அடியில் ஏதோ குறுகுறுவென்று ஓடியதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெட்டியின் கதவு திறந்தது. அவள் இறங்கினாள். பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். உதிர்ந்த ஓடுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். டிக்கெட் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரன் மூச்சு விட்டால் அவளுக்குக் காற்றடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது அதே பெட்டியிலிருந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டே, பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எழுந்திரிக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட அந்த ஆளும் இறங்கினான்.

கண்ணாடிக்காரன் பல்லைக் கடித்தான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பேப்பர்க்காரன் முகத்தை அவள்தானே தீட்டினாள்? யாரை நினைத்துத் தீட்டினாளோ? கட்டின புருஷன் முகத்தையே அந்தத் தொப்பிக்குக் கீழே வைத்திருந்தால்? இத்தனை நாளும் லென்ஸை அவள்மேல் மட்டுமே வைத்திருந்தான். பேப்பர்க்காரனை ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. லென்ஸை நகர்த்திப் பார்த்தான். கண்ணாடிக்காரனுடைய முகம் இல்லை. மீசை வைத்த யாரோ ஒருவன். அவள் ஏதோ சொல்ல, மீசைக்காரன் தலையாட்டிவிட்டு, பெஞ்சில் இடம் போதாததால் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டே பேப்பரைப் பிரித்தான். கண்ணாடிக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளை நன்றாகப் பார்த்தான். விளக்கு போடுகிற நேரம் ஆனதும், தீக்குச்சிகளை நறுக்கி இன்னொரு பெஞ்ச் செய்து, பிளாட்பாரத்தின் அடுத்த கோடியில், முடிந்தவரை தள்ளி ஒட்டினான்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் லிஃப்ட்காரர் வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கண்ணாடிக்காரன் அவரிடம் நல்ல லென்ஸையே கொடுத்தான். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "உங்க பிளாட்பாரம் நம்மதைவிட நீளமா இருக்கே மாப்பிள்ளை" என்றார். குரலில் என்னவோ இருந்தது. கண்ணாடிக்காரனுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். அத்தனை வருஷமும் அவனிடம் இருந்ததுதான் அது. அந்த வாரமே லிஃப்ட்காரர் தன் பிளாட்பாரத்தை நீட்டிக் கட்டினார். இவன் கூரைக்குப் புது ஓடு போட்டான். அவர் ஒரு தேநீர்க் கடை வைத்தார். இவன் தேநீர்க் கடையும் வைத்து அதற்குத் திரை போட்டான். அவள் சில நாள் அங்கே இருந்தாள், சில நாள் இங்கே. எந்தக் கிழமை எங்கே என்று ஒழுங்கு எதுவும் இல்லை. மீசைக்காரன் கூடவே போய்க் கூடவே வந்தான். வருகிற போதெல்லாம் தள்ளி இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான், அவனைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. கணக்கு வாத்தியாரின் படுக்கையறைக்கு வெயில் வந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டார்கள். சில நாட்களில் அவள் இரண்டு இடத்திலும் இருக்க மாட்டாள். அன்றைக்கு இருவரில் ஒருவர் போன் போடுவார்.

"மாப்பிள்ளை, அங்கயா இருக்கா?"

"இங்க இல்லையே மச்சான். அங்க இல்ல?"

"இங்கயும் இல்ல."

கண்ணாடிக் கடையில் யாராவது சுவரில் மாட்டிய எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்.

"அப்ப வண்டியில இருப்பா," என்பார் ஒருவர். இன்னொருவர் ஆமாம் என்பார். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.